பத்துப் பேர், இரண்டு திங்கள்

அறிஞர் பலர் ஓரிடத்தில் கூடி ஆராய்வது அறிவு வளர்வதற்குரிய நல்வழிகளுள் ஒன்று. அத்தகைய கூட்டத்தில் எழுந்த கருத்துகளை உலகம் போற்றுகின்றது. அங்கே படிக்கப்பெற்ற கட்டுரைகள் நூலாக வெளிவருகின்றன. ஆயினும், கூட்டம் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே எழுதப்படும் கட்டுரை ஒன்று உண்டு. அதுவே செலவுக் கணக்கு. எத்தனை பேர் வருவர், எவ்வளவு காலம் தங்குவர், அவர்தம் வழிச்செலவை யார் ஏற்பர் என்னும் வினாக்களுக்கு விடை கூறும் அத் தாளைக் கூட்டம் முடிந்தபின் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால், கணிப்பொறியின் வரலாற்றில் இன்றும் படிக்கத்தக்க செலவுக் கணக்கு ஒன்று இருக்கின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியூ ஹாம்ப்ஷயர் என்னும் மாநிலத்தில், ஹானோவர் என்ற சிற்றூரில் டார்ட்மத் கல்லூரி உள்ளது. 1955-ஆம் ஆண்டில் ஜான் மக்கார்த்தி என்னும் இளைஞர் அங்கே கணித ஆசிரியராய் இருந்தார். அறிவால் மனிதன் செய்யும் செயல்களைப் பொறியும் செய்யுமாறு அமைக்க இயலுமா என்பது அவர் உள்ளத்தில் ஓயாது எழுந்த கேள்வி. அதே கேள்வியில் ஈடுபட்டிருந்தவர் வேறு சிலரும் இருந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்வின் மின்ஸ்கி இருந்தார், ஐ.பி.எம். நிறுவனத்தில் நத்தானியல் ராச்செஸ்டர் இருந்தார். செய்திக் கொள்கையை வகுத்துப் புகழ்பெற்ற கிளாடு ஷானன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தார். ஒருவர் கருத்தை மற்றவர் மடல்வழி அறிய இயலுமேயன்றி, நாள்தோறும் எதிரெதிரே அமர்ந்து வாதிட வாய்ப்பில்லை. எனவே, பத்துப் பேர் இரண்டு திங்கள் ஓரிடத்தில் தங்கி ஆராய வேண்டும் என்று நால்வரும் முடிவு செய்தனர். 1955 ஆகஸ்டு 31 என்று நாளிட்ட விண்ணப்பம் ஒன்றை எழுதி, ராக்பெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியை வேண்டினர். ‘செயற்கை அறிவு’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் அவ் விண்ணப்பத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது. ஒரு துறைக்குப் பெயர் சூட்டிய ஓலை, உண்மையில் பணம் கேட்டு எழுதிய ஓலையே.

அவர்கள் எவ்வாறு கணக்கிட்டனர்? பேராசிரியர் நிலையில் உள்ள அறுவருக்கு ஆளுக்கு 1,200 டாலர், ஆக 7,200. பட்டமேற்படிப்பு மாணவர் இருவருக்கு ஆளுக்கு 700, ஆக 1,400. எண்மருக்குப் பயணத்திற்கும் வாடகைக்குமாகச் சராசரி 300 வீதம் 2,400. எழுத்துப்பணி, படியெடுத்தல், ஏற்பாட்டு வேலை ஆகியவற்றுக்கு 850. சில நாளே வந்து போகும் விருந்தினரின் பயணத்துக்கு 600. எதிர்பாராச் செலவுக்கு 550. மொத்தம் 13,500 டாலர் என்று அடியில் எழுதப்பட்டிருக்கின்றது.

இத் தொகைகளைக் கூட்டிப் பார்க்கும் மாணவர் வியப்படைவர். 13,000 மட்டுமே வரும்! பொறிக்கு அறிவூட்டப் புறப்பட்ட பேரறிஞர்களின் தாளில் 500 டாலர் எப்படியோ மிகுந்துவிட்டது. கூட்டற்பிழை எவருக்கும் நேரக்கூடியதே.

பிழை கிடக்கட்டும், அக் கணக்கின் அமைப்பு நுட்பமானது. முதலாவதாக, கணிப்பொறி பற்றிய ஆராய்ச்சியாயினும் அதில் பொறிக்கென ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. கேட்ட பணத்தில் பெரும்பகுதி மனிதரின் காலத்திற்கே உரியது. கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியருக்குக் கல்லூரி ஊதியம் இராது. வேறு வேலை தேடவேண்டியவரை இரண்டு திங்கள் சிந்திக்க அழைப்பதாயின், அவர் இழக்கும் வருவாயை ஈடுசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, எல்லார்க்கும் ஒன்றுபோல் ஊதியம் கேட்கவில்லை. ஐ.பி.எம்., பெல் ஆகியவற்றிலிருந்து வருவோர்க்கு அந்நிறுவனங்களே ஊதியம் அளிக்கும் என்று எதிர்பார்த்து, அவர்களை விலக்கினர். மூன்றாவது செய்தி சிறியது. எனினும் பட்டறிவுடையோர்க்கே தோன்றுவது. தம் ஊரில் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே ஹானோவரிலும் வாடகை கொடுக்க நேரும் அன்பர்க்கு உதவி வேண்டும் என்று எழுதினர். ஊதியம் போதும், ஆனால் இரட்டை வாடகையால் வர இயலவில்லை என்ற நிலை எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கின்றது!

விண்ணப்பத்தை ஆராய்ந்தவர், அறநிலையத்தில் உயிரியல், மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநராய் விளங்கிய ராபர்ட் மாரிசன். இப் புதிய துறை எங்கே செல்லும் என்பது இன்னும் தெளிவாகவில்லை என அவர் தயங்கினார். மறுக்கவும் மனமில்லை, கேட்டதை முழுதும் கொடுக்கவும் துணிவில்லை. முடிவில் 7,500 டாலர் வழங்கப்பட்டது.

தொகை பாதிக்குச் சற்று மேல் என்று சொல்லிவிட்டால் பொருள் விளங்காது. பேராசிரியர் அறுவரின் ஊதியம் மட்டுமே 7,200 டாலர். அதனை முழுதும் கொடுத்தால் எஞ்சுவது 300; அஃது ஒரே ஒருவரின் பயணத்துக்கும் வாடகைக்கும் சரியாகும். மாணவர் எங்கே? விருந்தினர் எங்கே? ஆகவே, பத்துப் பேர் இரண்டு திங்கள் என்ற திட்டத்தில், ஆளைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா என்பதே கேள்வியாயிற்று.

1956-ஆம் ஆண்டின் கோடையில் ஆராய்ச்சி தொடங்கிற்று. வந்தவர் தொகை குறையவில்லை. காலப்போக்கில் இருபதின்மர் அளவில் வந்து சென்றனர். குறைந்தது அவர்கள் தங்கிய காலமே. சிலர் ஒரு கிழமை இருந்தனர்; சிலர் ஓரிரு நாளில் திரும்பினர். தொடக்கமுதல் இறுதிவரை தங்கியோர் மக்கார்த்தி, மின்ஸ்கி, ரே சாலமனாப் ஆகிய மூவரே. இதற்குப் பணக்குறை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. ஒவ்வொருவரும் தத்தம் ஆராய்ச்சியைவிட்டு எளிதில் அகல விரும்பவில்லை. எனினும், அனைவரும் ஒருங்கே அமர்ந்து ஒரு முடிவு காண்பர் என்று மக்கார்த்தி கொண்டிருந்த நம்பிக்கை நிறைவேறவில்லை.

வந்து சென்றவருள் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் என்னும் இருவர் வெறுங்கையுடன் வரவில்லை. கணிதத் தேற்றங்களை நிறுவவல்ல செயல்நிரல் ஒன்றை அவர்கள் முன்னரே உருவாக்கியிருந்தனர். முதல் விண்ணப்பத்தை எழுதிய நால்வருள் இவர்கள் இல்லை. சில நாள் தங்கும் விருந்தினருக்கென ஒதுக்கப்படும் சிறு தொகை எத்துணைப் பயனுடையது என்பதற்கு இவர்கள் வருகையே சான்று.

மூன்றாண்டுகளுக்குப் பின், அவ்விருவரும் ஷா என்பவரும் இணைந்து எழுதிய மற்றொரு செயல்நிரலைப் பற்றிய கட்டுரை, பாரிசு மாநகரில் படிக்கப்பெற்றது. 1959 ஜூன் திங்களில் யுனெஸ்கோவின் ஆதரவில் அங்கே நடைபெற்றது தகவல் செயலாக்கம் பற்றிய முதற் பன்னாட்டு மாநாடு. அதற்கு வந்தோர் ஏறத்தாழ 1,800 பேர்.

இவ்வளவு பெரிய கூட்டத்தின் கணக்கு ஹானோவரின் கணக்கைப் போன்றதன்று. இங்கே எவருக்கும் இரண்டு திங்கள் ஊதியம் கொடுக்க இயலாது; கொடுக்கத் தேவையுமில்லை. இத்தகைய மாநாடுகளில் செலவு இருவகைப்படும். மண்டபம், அச்சுவேலை, மொழிபெயர்ப்பு போன்றவை வருவோர் தொகை மிகினும் குறையினும் பெரிதும் மாறா. உணவு, நூற்படி போன்றவை தலைக்கு இவ்வளவு என்று வளரும். மாறாச் செலவை எத்தனை பேர் பகிர்ந்து சுமப்பர் என்று முன்கூட்டி மதிப்பிடுவதே ஏற்பாட்டாளரின் கடுஞ்சோதனை. மதிப்பீடு மிகுந்துவிட்டால் கையிழப்பு. குறைந்துவிட்டால் நுழைவுக் கட்டணம் உயர்ந்து, பொருள் வளமற்ற நாட்டினர் வாயிலிலேயே நின்றுவிடுவர்.

அம் மாநாட்டைக் கூட்டவேண்டும் என்று முன்னின்று வலியுறுத்தியவர் ஐசக் ஆவர்பாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஒவ்வொரு முறையும் புதிதாகப் புரவலரைத் தேடி, புதிதாகக் குழு அமைத்து, மாநாடு முடிந்ததும் அக் குழுவைக் கலைத்துவிடுவது வீண் உழைப்பன்றோ? நிலையான அமைப்பு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1960-ஆம் ஆண்டில் பல நாட்டுக் கழகங்கள் இணைந்து தகவல் செயலாக்கப் பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவின. ஆவர்பாக் அதன் முதல் தலைவரானார். அடுத்த மாநாட்டை 1962-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அக் கூட்டமைப்பே நடத்தியது.