வேலையை விட்டுத் தனி ஆலோசகர் ஆவது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐ.டி. நிறுவன வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் ஆலோசகராகும் ஒருவருக்குச் சட்டத்தின் முன் இருக்கும் இடமே மாறிவிடுகிறது. நேற்றுவரை ஊழியர், இன்று முதல் சேவை விற்கும் சிறு வணிகர். இதைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, ஊழியராக இருந்தபோது பழகிய கணக்கை அப்படியே கொண்டுவருவதால் வருபவை.

அவற்றில் அதிகச் சேதம் விளைவிப்பது விலைக் கணக்கு. ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் சி.டி.சி. என்றால் மாதம் 2 லட்சம். மாதத்துக்கு 160 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 1,250 ரூபாய். அதைக் கேட்டாலே பழைய வருமானம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சனி, ஞாயிறு போக ஆண்டில் இருப்பவை சுமார் 261 நாட்கள். பண்டிகை, காய்ச்சல், குடும்ப விசேஷம் என்று முப்பது நாட்களாவது கழியும். ஊழியருக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு, ஆலோசகருக்குக் கிடையாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு, வாடிக்கையாளரைத் தேடுவது, மதிப்பீடு எழுதுவது, நிலுவையைக் கேட்டு அலைவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றில் போய்விடும். பில் போட முடிந்தவை ஏறக்குறைய 150 நாட்கள், அதாவது 1,200 மணி நேரம். மணிக்கு 1,250 என்றால் கிடைப்பது 15 லட்சம்தான். பழைய 24 லட்சத்தைத் தொடவே 2,000 ரூபாய் கேட்க வேண்டும். மடிக்கணினி, மென்பொருள் சந்தா, காப்பீட்டு பிரீமியம் எல்லாம் அதற்கு மேல். முதலில் குறைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் நடப்பதில்லை. முதலில் ஒப்புக்கொண்ட விலைதான் அந்த வாடிக்கையாளரிடம் கடைசிவரை நிற்கும்.

வேலையை ஒழுங்காக முடித்தால் பணம் தானாக வந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. பெரிய நிறுவனத்தில் வேலையைக் கொடுப்பவர் ஒருவர், பணத்தை விடுவிப்பவர் வேறொருவர். பான் எண், ரத்து செய்த காசோலை, ஜி.எஸ்.டி. சான்றிதழ் எல்லாம் கொடுத்து விற்பனையாளர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பிறகு பர்சேஸ் ஆர்டர் வர வேண்டும். அதன் எண் இல்லாத இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும். திருத்தி அனுப்பிய தேதியிலிருந்து நாள் மறுபடி எண்ணப்படும். இந்தத் தாமதத்துக்கு எதிராக ஒரு சட்டப் பாதுகாப்பு இருப்பது பல ஆலோசகர்களுக்குத் தெரிவதில்லை. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். தனி ஆளும் இந்தப் பதிவைக் கட்டணமின்றிப் பெறலாம். வேலை தொடங்கும் முன்பே பெற்றுவிட வேண்டும். புகார்களை விசாரிக்கும் மன்றங்கள் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இருக்கின்றன.

பணம் வாங்கிவிட்டால் எழுதிய நிரல் வாடிக்கையாளருக்குச் சொந்தம் என்பதை இரு தரப்புமே நம்புகின்றன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரல் நிறுவனத்துக்குரியது. தனி ஆலோசகர் எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவருக்கே உரியது. உரிமையை மாற்ற எழுத்து வடிவ ஒப்பந்தம் வேண்டும்; அதில் காலம் குறிக்கப்படாவிட்டால் மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டுமே. முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி எழுதிக்கொள்வது, பணத்தை வசூலிக்கவும் கைகொடுக்கும்.

வரியைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் 10 சதவீத டி.டி.எஸ். பிடித்ததோடு கடமை முடிந்தது என்பது தவறு. அது முன்பணம் மாதிரிதான். இறுதி வரி வருமான அளவைப் பொறுத்தது. நேர்மாறாக, வரி கடுமையாக ஏறிவிடும் என்ற அச்சமும் பலருக்கு வீண். வருமான வரிச் சட்டத்தின் உத்தேச வருமான வழியில் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏ.டி.ஏ. பிரிவு), தொழில்நுட்ப ஆலோசகர் தம் வரவில் பாதியையே வருமானமாகக் காட்டலாம். செலவுக் கணக்கேடுகள் தேவையில்லை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை இந்த வழி உண்டு. ஆனால் ஒரே நிறுவனத்துக்கு, அதன் அலுவலக நேரத்தில், அதன் மேலாளருக்குக் கீழ், மாதா மாதம் ஒரே தொகை வாங்கிக்கொண்டு இருப்பவரின் வரவைச் சம்பளம் என்று வருமான வரித் துறை வாதிட இடமிருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். வெளிநாட்டு வாடிக்கையாளர் தருவதும் இந்த வரம்பில் சேரும், ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்றாலும்.

பழைய நிறுவனம் இதே துறையில் தொழில் செய்யவிடாது என்ற பயத்துக்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பதில் சொல்கிறது: தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகான தடைக்கே இது பொருந்தும். நோட்டீஸ் காலத்தில் சொந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்வது ஒப்பந்த மீறலாகலாம். நிறுவனத்தின் நிரலையும் ரகசியத் தகவல்களையும் எடுத்துச் செல்லும் உரிமை எப்போதும் இல்லை.

விலகியதும் பி.எஃப். கணக்கை மூடிவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 5 ஆண்டு தொடர் பணி நிறைவதற்குள் எடுத்தால் வரி வரும். 10 ஆண்டு நிறைந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியத் தகுதி உண்டு. பணிக்கொடைக்கும் பொதுவாக 5 ஆண்டு என்பதால், நாலரை ஆண்டில் இருப்பவர் ராஜினாமாத் தேதியைத் தள்ளிப்போடுவதே லாபம். அலுவலகக் குழுக் காப்பீடு விலகும் நாளோடு பொதுவாக முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம் என்பதால், தனி பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வீட்டுக் கடனும் அப்படித்தான்: சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும்.