பால் பவுடர் மாம்பழம், கடலை மிட்டாய் ரயில்

திருவிழாக் கூட்டத்தில் ஜவ்வு மிட்டாய்க்காரர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். உச்சியில் ஒரு பொம்மை கை தட்டும். கழியில் சுற்றிய ரோஸ் நிறப் பாகை இழுத்து, முறுக்கி, கண் மூடித் திறப்பதற்குள் நம் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார். தேள் கேட்டால் தேள், மயில் கேட்டால் மயில். அந்த வித்தை நமக்கு வராது. சூடான சர்க்கரைப் பாகு பிள்ளைகள் கிட்டேயே வரக் கூடாத சமாச்சாரமும்கூட. பிள்ளைகளை உட்கார வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்கிற இரண்டு உருவங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சாக்லெட்டில் ஆரம்பிக்காதீர்கள்

வீடியோக்களில் பெரும்பாலும் சாக்லெட்டை உருக்கித்தான் தொடங்குகிறார்கள். சாக்லெட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். மே மாத மதியத்தில் நம் கூடத்துச் சூடே அதைத் தொட்டுவிடும். உருவம் வருவதற்குள் முழங்கை வரை சாக்லெட் வந்துவிடும். ஆரம்பத்துக்குப் பால் பவுடர் மாவுதான் தோது. களிமண் மாதிரி சொன்னபடி கேட்கும். கெட்டாலும் உருட்டி மறுபடி ஆரம்பிக்கலாம்.

மாவு பிசைவது

1 கப் பால் பவுடர், கால் கப் பொடித்த சர்க்கரை, 1 டீஸ்பூன் நெய், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. டீயில் கலக்கும் வொயிட்னர் வேண்டாம், அசல் பால் பவுடராகவே வாங்குங்கள். சர்க்கரையை மிக்ஸியில் அடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். குருணை இருந்தால் உருவத்தில் வெடிப்பு விழும்.

எல்லாவற்றையும் கலந்த பிறகு, காய்ச்சி ஆறிய பாலை அரை ஸ்பூன், அரை ஸ்பூனாக விடவேண்டும். இங்கேதான் எல்லாருக்கும் சறுக்கும். முதல் 1 ஸ்பூன் விட்டதும் மாவு உதிரியாகவே இருக்கும். "பத்தலையே" என்று கை பரபரக்கும். பொறுத்து அழுத்திப் பிசைந்தால் நெய்யும் பாலும் சேர்ந்து தானாகத் திரளும். என் அக்கா பையன் முதல் தடவை டம்ளரையே கவிழ்த்துவிட்டான். அன்றைக்கு ஸ்பூன் போட்டுக் கூழாகக் குடித்தோம். கொஞ்சம் இளகினால் மட்டும் இன்னும் பால் பவுடர் தூவிச் சரிக்கட்டலாம். பிசைந்ததை ஈரத்துணி போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள்.

நிறம் சேர்க்க: மஞ்சளுக்குப் பாதிச் சிட்டிகை மஞ்சள் தூள், அதற்கு மேல் போனால் ரசம் வாசனை அடிக்கும். ரோஸுக்கு பீட்ரூட் துருவிப் பிழிந்த சாறு. அதைப் பாலுக்குப் பதிலாகவே விடுங்கள். பழுப்புக்குக் கோகோ பவுடர்.

முதல் உருவம்: மாம்பழம்

எலுமிச்சை அளவு மஞ்சள் உருண்டை. உள்ளங்கையில் நெய் தொட்டு, வெடிப்பு மறையும்வரை உருட்டவேண்டும். ஒரு முனையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி வளைத்தால் மூக்கு வந்துவிடும். பீட்ரூட் சாற்றில் விரலைத் தொட்டு ஒரு கன்னத்தில் மட்டும் தடவினால், வெயில் பட்டுச் சிவந்த பழம். காம்புக்கு ஒரு கிராம்பு. தின்னும் முன் மறக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

பையன் செய்ததில் கன்னத்தில் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நான் வழவழப்பாக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். அவன் செய்ததுதான் சரி. பெரியவர்கள் திருத்த ஆரம்பித்தால் அது நம் மாம்பழமாகிவிடும்.

இரண்டாவது: ரயில்

பெட்டிக்கு செவ்வகக் கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசிக்காகக் கிடைத்த பெருமைதான், ஆனால் வெல்லப் பாகில் இறுகிய அந்தத் துண்டு கட்டுமானத்துக்கும் நன்றாக நிற்கும். 4 ஸ்பூன் பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்தால் பசை தயார். பக்கத்துக்கு இரண்டாக ஜெம்ஸ் மிட்டாய் ஒட்டினால் சக்கரம். படுக்கப்போட்டு ஒட்டி, ஒரு பக்கம் காய்ந்த பிறகே திருப்பவேண்டும். பொறுமை இல்லாவிட்டால் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே கீழே வரும். புகைபோக்கிக்கு மீந்த மாவில் கோகோ பவுடர் பிசைந்து உருட்டி நிறுத்துங்கள்.

கவனம்

5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கடலையும் உருண்டை மிட்டாயும் தொண்டையில் அடைக்கலாம். அவர்களுக்கு மாம்பழம் போதும், அதையும் பிட்டுக் கொடுங்கள், கூடவே இருங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் பெட்டிக்கு பிஸ்கட். பால் ஒவ்வாதவர்களுக்கு இந்த மாவே ஆகாது.

மாவு உருவங்களை மூடி ஃபிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம். ரயிலை உள்ளே வைத்தால் ஈரம் கோர்த்துக் கடலை மிட்டாய் பிசுபிசுக்கும்; வெளியே வைத்தால் எறும்பு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் ரயில் தட்டை வைத்தேன். "இது அகழியா?" என்று பையன் கேட்டான். அடுத்த ஞாயிறு கோட்டை கட்டவேண்டுமாம்.