சாஞ்சிக்கு மறுபடியும்

விதிசைக்கு அருகே ரயில் பாதையை அடுத்த சிறு குன்றின்மேல் வீற்றிருக்கும் சாஞ்சி மஹாஸ்தூபத்தை, போபாலிலிருந்து காலையில் காரில் வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் யாத்திரிகர்கள் ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம், பல வருஷங்களாக அங்கே போய்வந்துகொண்டிருக்கும் எனக்குச் சிறிது பொறாமையும், அதைவிடச் சற்று அதிகமாக இரக்கமும் உண்டாகும். அசோக சக்கரவர்த்தி செங்கல்லால் எழுப்பியதை உள்ளடக்கிப் பிற்காலத்தார் கல்லால் பெருக்கிய அந்த அர்த்தகோளம், 54 அடி உயரமும் 120 அடி குறுக்களவும் உடையதாயினும், ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடங்கிவிடும். அடங்காதவை, சாதவாகனர் காலத்தில் நான்கு திக்கிலும் நிறுத்தப்பட்ட தோரணவாயில்களே. ஆகவே, ஒரு பயணத்துக்கு ஒரு வாயில் என்று வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் பிரதக்ஷிணமாக வரும்போது கண்டும் காணாமலும் கடந்துவிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கிழக்கு வாயில். கதவு திறந்தவுடன் போய்விட்டால், வெயில் ஏற ஏறப் புடைப்புச் சிற்பங்களின் கீழே நிழல் விழுந்து ஒவ்வோர் உருவமும் கல்லைவிட்டு எழுந்து வருவதைப் பார்க்கலாம். நடு உத்தரத்தில், கபிலவஸ்துவின் கோட்டை வாயிலிலிருந்து குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வலப்புறம் போகின்றன. ஏதோ அரச ஊர்வலம் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அவை அத்தனையும் ஒரே குதிரை. சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து செல்லும் இரவில் வழி நெடுகிலும் அது நடந்த நடையைத்தான் சிற்பி கட்டங் கட்டமாகக் காட்டியிருக்கிறான். புத்தபிரானின் திருவுருவைச் செதுக்காத காலமாகையால், சேணத்தின்மேல் ஒருவரும் இல்லை. மேலே பிடித்த குடை ஒன்றே, இருப்பவர் யார் என்று சொல்கிறது. வலது கோடியில் இரண்டு திருவடிச் சுவடுகள். குடை இப்போது அவற்றின்மேல் நிற்க, கீழே அதே குதிரை குடையில்லாமல் வீடு திரும்புகிறது. இதைக் கண்டுகொண்டவருக்கு அன்று வேறொன்றும் பார்க்கத் தோன்றாது. உத்தரங்கள் கழுத்து வலிக்கும் உயரத்தில் இருப்பதால், சிறிய பைனாகுலர் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நலம்.

தெற்கு வாயிலில், விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் செதுக்கிய பகுதி இது என்று கல்வெட்டே கூறுகிறது. யானைத் தந்தத்தில் பழகிய கை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அங்குள்ள நுணுக்கம் வேறு விதமாகப் புலப்படும். அந்த வாயிலருகே அசோக ஸ்தம்பம் ஒடிந்து கிடக்கிறது. கரும்பாலைக்கு உதவும் என்று உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்தாராம். அதன் சிங்கத் தலைப்பு அடிவாரத்து மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மியூசியம் திறக்கமாட்டார்கள்.

கால்களில் வலுவிருந்தால் மேற்குச் சரிவில் இறங்கி, அதிகம் பேர் எட்டிப் பாராத இரண்டாம் ஸ்தூபத்துக்கும் போய்வர வேண்டும். தோரணம் கிடையாது; சுற்றுவேலி மாத்திரம். ஆனால் அதன் வட்டச் சிற்பங்களில் உள்ள தாமரைகளும் யானைகளும் குதிரைமுகப் பெண்ணும் மேலேயுள்ள வாயில்களைவிடப் பழையவை, கண்ணுக்கு நேரே நிற்பவை. அந்தக் கபடமற்ற செதுக்கலை, மேலேயுள்ள தேர்ந்த வேலையைக் காட்டிலும் எனக்குப் பிடிக்கத் தொடங்கிச் சில வருஷங்களாகின்றன.

1851-இல் கன்னிங்ஹாம் மூன்றாம் ஸ்தூபத்தில் கண்டெடுத்து, இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பிவந்த சாரிபுத்தர், மொக்கல்லானர் தாதுக்கள், 1952-இல் குன்றின்மேல் கட்டிய புதிய விஹாரத்தில் வைக்கப்பட்டன. நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெளியே எடுத்துத் தரிசனத்துக்கு வைப்பார்கள். மகிந்தர் இலங்கைக்குப் புறப்படுமுன் விதிசையில் தம் தாயாரைக் கண்டுபோனார் என்று மகாவம்சம் கூறுவதால், சிங்கள பௌத்தர்களுக்கும் இந்த இடத்தின்மேல் தனிப் பற்று உண்டு. சிற்பம் பார்க்க உகந்த நாள் அதுவல்ல என்றாலும் ஒரு வருஷமாவது போகத்தான் வேண்டும். அறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் விதிசையில் தங்க நேரிடும். அதிலும் நஷ்டமில்லை, உதயகிரிக் குகைகளும் ஹீலியோடோரஸின் கருடஸ்தம்பமும் அங்கிருந்து கிட்டத்தான்.