பழைய ரெய்டு கார்டைத் திருத்திச் சிறிய கணினியைக் கோப்புக் காப்பகமாக்கும் முறை

டெல் பெர்க் ஹெச்310 என்பது பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு. எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 சில்லில் இயங்கும் இதில் எட்டு டிஸ்குகளை நேரடியாக இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 6 கிகாபிட் வேகம் கிடைக்கும். அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 போன்ற சிறிய பெட்டிக் கணினியில் இதைப் பொருத்தினால், ஒரு கடைக்கோ சிறு அலுவலகத்துக்கோ போதுமான கோப்புக் காப்பகம் அமைந்துவிடும். கார்டை அப்படியே செருகினால் இரண்டு தடைகள் வரும். சில மதர்போர்டுகளில் கணினி தொடங்கவே தொடங்காது. தொடங்கினாலும், பல டிஸ்குகளை ஒரே தொகுப்பாக ஆளும் ரெய்டு மென்பொருள் கார்டிலிருந்தபடி இயங்குதளத்துக்கும் டிஸ்குக்கும் நடுவே நிற்கும். முதல் தடை ஒட்டுநாடாவாலும் இரண்டாவது தடை கார்டின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றுவதாலும் நீங்கும்.

மட்டாஞ்சேரிக்கு இது ஏன் பொருந்தும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி அரபிக் கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உப்பும் ஈரமும் கலந்த காற்று, கார்டின் தொடுமுனைகளில் உள்ள மெல்லிய தங்கப் பூச்சின் நுண்துளைகள் வழியே உள்ளே போய் அடியிலுள்ள செம்பை அரிக்கிறது. இங்கே எந்தக் கார்டும் ஒருநாள் பழுதாகும் என்று எண்ணியே காப்பகத்தை அமைக்க வேண்டும்.

ரெய்டு முறையில் எழுதப்பட்ட டிஸ்குகளைப் படிக்கப் பெரும்பாலும் அதே வகைக் கார்டு வேண்டும். கார்டு போனால் கோப்புகளும் மாட்டிக்கொள்ளும். ஐடி முறை எனப்படும் ஃபர்ம்வேரில் கார்டு வழிவிடும் பாதையாக மட்டுமே இருக்கும். டிஸ்குகளை இயங்குதளமே ஆள்வதால், அவற்றைக் கழற்றி வேறு கணினியின் சாட்டா முனையில் மாட்டியும் படிக்கலாம். ஜூ டவுன் சுற்றிலும் மிளகு, ஏலக்காய், இஞ்சி வணிகம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இது நேரடியாக உதவும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் பழைய கார்டின் ஆயுளைவிட நீளமாக இருக்கலாம்.

1. கார்டைத் தேர்ந்தெடுத்தல்

ஹெச்310 கிடைக்காவிட்டால் அதே சில்லுள்ள டெல் ஹெச்200, ஐபிஎம் எம்1015, எல்எஸ்ஐ 9211-8ஐ ஆகியவையும் சரி. மூன்று வகைகளைத் தவிர்க்க வேண்டும். எஸ்ஏஎஸ்1068இ சில்லுள்ள பழைய கார்டுகள் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கை முழுதாகக் காணாது. ஹெச்700 கார்டுக்கு ஐடி ஃபர்ம்வேர் கிடையாது. ஹெச்310 மினி என்பது சர்வருக்கே உரிய தனி இணைப்பான் கொண்டது. சாதாரண ஸ்லாட்டில் நுழையாது.

எர்ணாகுளம் மரைன் டிரைவின் பென்டா மேனகா, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்பி ரோடு போன்ற இடங்களில் தேடும்போது கார்டை வாங்கும் முன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொடுமுனைகளில் பச்சைப் பூச்சு, சில்லுகளின் கால்களில் வெண்பொடி, ஹீட் சிங்க் ஆட்டம் ஆகியவை இருந்தால் விட்டுவிடலாம்.

2. தேவையான பொருள்கள்

- குறுகிய உயரத் தகடு. வழக்கமான தகட்டின் உயரம் 120 மில்லிமீட்டர், சிறிய பெட்டிக்கு உரியது 79.2 மில்லிமீட்டர்.
- காப்டான் டேப். மொபைல் சர்வீஸ் கடைகளில் மஞ்சள் நிறத்தில் கிடைக்கும்.
- 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் (கடைகளில் ஐபிஏ), மென்தூரிகை, நூல் பிரியாத துணி.
- தெர்மல் பேஸ்ட், 40 மில்லிமீட்டர் ஃபேன்.
- எஸ்எஃப்எஃப்-8087 முனையிலிருந்து நான்கு சாட்டா முனைகளாகப் பிரியும் கேபிள். நேர்வகை, எதிர்வகை என இரண்டு உண்டு. கார்டிலிருந்து டிஸ்குக்குச் செல்வது நேர்வகை.
- 8 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த யுஎஸ்பி டிரைவ், யுபிஎஸ்.

3. துடைத்தல்

கணினியின் மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகே கார்டைத் தொட வேண்டும். தொடுமுனைகளை ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். கறை போகாவிட்டால் மட்டும் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம். அழுத்தினால் தங்கப் பூச்சு தேய்ந்து அரிப்பு விரைவாகும். மதர்போர்டின் ஸ்லாட்டையும் தூரிகையால் துடைத்து, ஆல்கஹால் முழுதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

பின் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்து இறுகிய பழைய பேஸ்ட்டை நீக்கி, சில்லின் மேல் மெல்லிய படலமாகப் புதியதைப் பூசிப் பொருத்த வேண்டும். உயரத் தகடு மாற்றும் வேலையையும் இப்போதே முடிக்கலாம்.

4. பி5, பி6 தொடுமுனைகளை மறைத்தல்

கணினி கார்டுடன் வழக்கம்போல் தொடங்கினால் இந்தப் படி தேவையில்லை. மின்விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால் இதைச் செய்ய வேண்டும்.

சர்வர்களில், கார்டும் மதர்போர்டும் வெப்பநிலை போன்ற மேலாண்மைச் செய்திகளைப் பரிமாற எஸ்எம்பஸ் என்ற மெதுவான தடம் உண்டு. அதன் கடிகாரக் குறி பி5 தொடுமுனையிலும், தரவு பி6 தொடுமுனையிலும் வருகின்றன. சில மேசைக் கணினிகளின் மதர்போர்டுகள் நினைவகச் சில்லுகளை அடையாளம் காணவும் இதே தடத்தைப் பயன்படுத்துகின்றன. கார்டு அங்கே குறுக்கிட்டால் நினைவகம் அடையாளமாகாது, கணினி நின்றுவிடும். டிஸ்க் தரவு இந்தத் தடத்தில் செல்வதில்லை என்பதால் இவ்விரண்டு முனைகளையும் மறைப்பதால் வேகமோ கொள்ளளவோ குறையாது.

கார்டின் சில்லுகள் உள்ள பக்கமே பி பக்கம். அந்தப் பக்கத்தைத் தன்னை நோக்கி வைத்து, உலோகத் தகட்டுக்கு அருகிலுள்ள முனையிலிருந்து எண்ண வேண்டும். வெட்டுக்கு முன்னுள்ள குட்டைப் பகுதியில் பதினொரு தொடுமுனைகள் இருக்கும். ஐந்தாவதும் ஆறாவதும் மறைக்க வேண்டியவை. நடுவிலிருந்து நடுவுக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளியே இருப்பதால், சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் டேப்பை வெட்டி, விளிம்பைத் தாண்டி மறுபக்கம் செல்லாதவாறு ஒட்ட வேண்டும். நான்காவதும் ஏழாவதும் தரைமுனைகள். அவை மூடப்படக் கூடாது. முதல் மூன்றும் 12 வோல்ட் என்பதால் எண்ணிக்கையை இருமுறை சரிபார்க்க வேண்டும். கார்டின் தடங்களை வெட்டுவது திரும்பப்பெற முடியாத வேலை, அது தேவையும் இல்லை.

5. ஃபர்ம்வேரை மாற்றுதல்

ஹெச்310 கார்டில் ரெய்டு அல்லாத முறை ஏற்கெனவே உண்டு. ஆனால் அதில் கார்டு ஒரே நேரத்தில் வரிசையில் வைத்திருக்கும் கட்டளைகள் 25 மட்டுமே. ஐடி ஃபர்ம்வேரில் இது 600. ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியதில் தரவை மீட்டெழுதும்போது இந்த வேறுபாடு நன்கு தெரியும்.

எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கார்டு பயனற்றுப் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்கக் கூடாது; துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இடிமின்னல் கூடும் மாலை வேளையையும் தவிர்ப்பது நல்லது. டிஸ்குகளின் கேபிள்களைக் கழற்றிவிட்டு, கணினியில் இந்த ஒரு கன்ட்ரோலர் கார்டை மட்டும் வைத்து வேலை செய்ய வேண்டும்.

அ. கார்டின் ஸ்டிக்கரில் உள்ள பதினாறு இலக்க எஸ்ஏஎஸ் முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆ. யுஎஸ்பி டிரைவில் ஃப்ரீடாஸை நிறுவி, மெகாரெக், சாஸ்2ஃப்ளாஷ் ஆகிய இரு கருவிகளையும் ஃபர்ம்வேர் கோப்புகளையும் போட வேண்டும். எல்எஸ்ஐ இன்று பிராட்காம் நிறுவனத்தின் பகுதி என்பதால், 9211-8ஐ கார்டுக்கான ஃபர்ம்வேரை அதன் தளத்திலிருந்து பெறலாம். பதிப்பு 20.00.07.00 நிலையானது; 20 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் குறைகள் இருந்தன.

இ. ஃப்ரீடாஸில் மெகாரெக் மூலம் கார்டின் எஸ்பிஆர் பகுதியை முதலில் நகலெடுத்து வைக்க வேண்டும். கார்டு தன்னை யார் என்று கணினிக்குச் சொல்லும் விவரம் அங்கேதான் இருக்கிறது. பின் வெற்று எஸ்பிஆரை எழுதி, ஃபர்ம்வேரை அழித்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஈ. ஹெச்310, ஹெச்200 கார்டுகளில் முதலில் டெல்லின் 6 கிகாபிட் எஸ்ஏஎஸ் ஃபர்ம்வேரை சாஸ்2ஃப்ளாஷ் மூலம் எழுதி மறுதொடக்கம் செய்து, பிறகே 9211-8ஐ ஐடி ஃபர்ம்வேரை எழுத வேண்டும். எம்1015 கார்டில் இந்த இடைப்படி தேவையில்லை.

உ. எழுதி வைத்த எஸ்ஏஎஸ் முகவரியைத் திரும்பப் பதிக்க வேண்டும்.

டாஸில் சாஸ்2ஃப்ளாஷ் 'பால்' தொடங்கவில்லை என்று நின்றால், அது யுஇஎஃப்ஐ மதர்போர்டின் இயல்பு, கார்டின் பழுது அல்ல. அதே கருவியின் யுஇஎஃப்ஐ வடிவத்தை ஷெல்லிலிருந்து இயக்கினால் வேலை முடியும். இயங்குதளம் வேறு டிஸ்கிலிருந்து தொடங்குமானால் கார்டின் பூட் ராமை எழுதாமல் விடலாம். கணினி தொடங்கும் நேரம் குறையும்.

6. காற்றும் மின்சாரமும்

இந்தக் கார்டு சர்வரின் பலத்த காற்றோட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டது. சிறிய பெட்டியில் அந்தக் காற்று இல்லை. சில்லின் வெப்பநிலையை இயங்குதளத்தில் படிக்கவும் வழியில்லை. அதனால் ஹீட் சிங்கின் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேனைக் கட்டாயம் பொருத்த வேண்டும்.

ஆப்டிபிளெக்ஸ் 7010 சிறிய பெட்டியின் பவர் சப்ளை 240 வாட். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்குகளுக்குத் தனிப் பெட்டியும் தனி பவர் சப்ளையும் வைப்பதே பாதுகாப்பு. எஸ்எஸ்டி இருந்தால் அதை மதர்போர்டின் சாட்டா முனையில் மாட்ட வேண்டும். அழிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளை இந்தக் கார்டு வழியாக எல்லா எஸ்எஸ்டிகளுக்கும் போய்ச் சேராது.

7. இயங்குதளமும் சோதனையும்

டெபியன், உபுண்டு, ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் ஆகியவை கார்டைத் தாமே அறிந்துகொள்ளும். ரெட் ஹேட் 8 முதல் இந்தச் சில்லுக்கான ஆதரவு நீக்கப்பட்டது. ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் குனூ/லினக்ஸில் பயின்ற கேரளப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உபுண்டுவின் முகப்பு அந்நியமாக இராது.

கோப்புகளை ஏற்றும் முன் ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்து, நீண்ட தன்சோதனையை ஓட்ட வேண்டும். சிஆர்சி பிழை எண் ஏறினால் டிஸ்கை விடக் கேபிளையே முதலில் ஐயுற வேண்டும். பின் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் இரண்டிரண்டு டிஸ்குகளை ஒன்றுக்கொன்று பிரதியாக அமைக்கலாம்.

8. பராமரிப்பும் மாற்றுக் கார்டும்

ஜூனில் பருவமழை தொடங்கும் முன் பெட்டியைத் திறந்து, தூசி நீக்கி, டேப் நகர்ந்திருக்கிறதா, ஃபேன் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினியை இடைவிடாமல் இயக்கி வைத்தால் உள்ளே வெதுவெதுப்பு இருக்கும், ஈரம் படியாது. மாதம் ஒருமுறை இசட்எஃப்எஸ் தரவைத் தானே படித்துச் சரிபார்க்குமாறு அட்டவணையிட வேண்டும். பிரதி டிஸ்க் என்பது காப்புப் பிரதி அல்ல. மற்றொரு நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கார்டு பழுதானால் கணினியை அணைத்து, இதே முறையில் தயார் செய்த மற்றொரு கார்டைப் பொருத்தித் தொடங்கினால் போதும். மாற்றுக் கார்டு கையில் இல்லாவிட்டால், ஒவ்வொரு பிரதி இணையிலிருந்தும் ஒரு டிஸ்கையாவது எடுத்து, இசட்எஃப்எஸ் உள்ள எந்த லினக்ஸ் கணினியின் சாட்டா முனைகளிலும் மாட்டித் தொகுப்பை இறக்குமதி செய்யலாம். பழுதான கார்டைக் குப்பையில் போடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.