உயர்ந்த கூரையும் உலவும் காற்றும்



பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இவ்வூரில், மின்விசிறி வருவதற்கு முன்னர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? ஜார்ஜ்டவுன் நகரின் பழைய வீடுகளே அதற்கு விடை கூறுகின்றன.

பினாங்கு வீதியில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளையும், அவற்றையொத்த கடைவீடுகளையும் நோக்குவோம். இவை அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டிற்கும் பொதுவாகையால் அங்குச் சன்னல் வைத்தல் இயலாது. ஆகவே, கூரையை உயர்த்தி, நடுவே வானம் பார்த்த முற்றம் அமைத்தனர். முன்புறத்தில் ‘அஞ்சடி’ எனப்படும் நடைபாதை நிழல் தந்தது.

வறண்ட நாடுகளில் செங்கல்லை வில்போல் வளைத்துக் கூரை கட்டுவர். மழை மிகுந்த நம் நாட்டிற்கோ சரிவான ஓட்டுக் கூரையே ஏற்றது. வடிவம் வேறாயினும் உயரத்தின் பயன் ஒன்றே. காற்று சூடேறினால் விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலெழும். கூரை உயர்ந்திருப்பின் அவ்வெப்பம் தலைக்கு மேலே நிற்கும். முற்றத்தின் வழியே அது வெளியேறும்போது, அஞ்சடி நிழலிலுள்ள குளிர்ந்த காற்று உட்புகும். வெளியேற வழியில்லையேல் உயரம் மட்டும் பெரும்பயன் தாராது.

லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சீ மாளிகையில் 38 அறைகளும், 5 முற்றங்களும், 220 சன்னல்களும் உள்ளன. இத்தகைய கட்டடங்கள் நிறைந்த ஜார்ஜ்டவுனை, மலாக்காவுடன் சேர்த்து, 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மாளிகை நமக்கு எதற்கு என்று எண்ணுதல் வேண்டா. தாழ்ந்த தகரக் கூரையின்கீழ் வாழ்வோர்க்கே இப்பாடம் மிகவும் தேவை. மெல்லிய தகரம் விரைவில் காய்ந்து, வெப்பத்தைக் கீழே வீசும். பிள்ளைகள் படிக்க இயலாது வருந்துவர். காற்றோட்டமற்ற அறையில் காசநோய் போன்றவை எளிதிற் பரவும்.

மாணவர்களே! பெரியோர் துணையுடன் ஓர் ஊதுவத்தியை ஏற்றி, அதன் புகையைக் கவனியுங்கள். புகை கூரையடியிலேயே தேங்கி நின்றால், வெப்பமும் அங்கே தேங்குகின்றது என அறியலாம்.

பெற்றோர்களே! சுவரின் மேற்பகுதியில் எதிரெதிரே காற்றுத் துளைகள் அமைத்தல், தகரத்தின் அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்தல், மேற்குப்புறத்தில் நிழல்மரம் வளர்த்தல் ஆகியவை நம்மால் இயன்றவை. புதுப்பிக்கும்போது முற்றத்தையும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடுதல் தவறு. தோட்ட நிர்வாகம் தொழிலாளர்க்கு வழங்கும் வீட்டிற்குரிய குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. ஆதலின், பழுதான கூரையைச் செப்பனிடக் கேட்பது இரத்தல் அன்று. முறையான வேண்டுகோளே ஆகும்.

நல்ல காற்று செல்வர்க்கு மட்டும் உரியதன்று. முன்னோர் கட்டிய முறையை அறிந்து, நம் சிறிய இல்லத்திலும் அதற்கு வழி திறப்போமாக!