வெயில்ல போடுற கடைக்கால்: தண்ணி எப்போ விடணும், எப்போ கூடாது?

சேலம், நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசியில் வீட்டு வேலை தொடங்குகிறீர்களா? ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எல்லாம் வெயிலில் சுட்டுக் கிடக்கும். கலவை சீக்கிரம் இறுகிவிடும். உடனே, "கலவை இறுகிடுச்சுங்க, இன்னொரு வாளி தண்ணி விடட்டுங்களா?" என்று கேட்பார்கள். விடாதீங்க!

எம்20 கலவையை அளவு வைத்துக் கலக்கும்போது, 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. ஜல்லியிலும் மணலிலும் இருக்கும் ஈரம்கூட இந்தக் கணக்கில் சேரும். அதற்கு மேல் விடும் தண்ணீர் சிமெண்டோடு சேராது. பின்னால் ஆவியாகி, காங்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுப் போகும். பலம் குறையும். மேல்சுவர் என்றால் இடித்துக் கட்டலாம். மண் மூடிய கடைக்காலை என்ன செய்வது?

குளிர் நாடுகளில் காங்கிரீட் உறைந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் அந்தக் கவலை. நம் சமவெளியில் அது வராது. நமக்குப் பிரச்சினை 40 டிகிரி. ஊற்றும்போது கலவையின் சூடு அதைத் தாண்டக் கூடாது. 'மௌசம்' செயலியில் மறுநாள் வெயிலைப் பார்த்துவிட்டு, விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஜல்லிக்கு நிழல் போடுங்கள். வெயிலில் நின்ற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரைக் கலவைக்கு எடுக்க வேண்டாம். குழியையும் சென்ட்ரிங் பலகையையும் முன்னாடியே நனைத்துவிடுங்கள். ஆனால் குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

மூட்டையையும் பாருங்கள். எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 3 மாதம் தாண்டியது என்றால் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், அது உண்மையான உரிமமா என்று போனிலேயே தெரிந்துவிடும்.

ஊற்றி முடித்த பிறகுதான் தண்ணீருக்கு வேலை. மேற்பரப்பு கெட்டியானதும் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். வெயில் காலத்தில் குறைந்தது 10 நாள் காயவே விடக் கூடாது, பி.பி.சி. சிமெண்ட் என்றால் 14 நாள் நல்லது. காலையும் மாலையும் ரெண்டு குடம் ஊற்றிவிட்டுப் போவது போதாது, நடுப்பகலில் சாக்கு காய்ந்துவிடும். அவசரமாக மண் தள்ளி மூடவும் வேண்டாம்.

பலத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஊற்றும் அன்றே அதே கலவையில் 15 செ.மீ. கட்டைகள் மூன்று வார்த்து, 28 நாள் கழித்து ஒரு சிவில் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லலாம். எம்20 என்றால் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டனாவது தாங்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்தக் கட்டைகள் சோதிக்கும்வரை தண்ணீருக்குள் கிடந்தவை. கலவை சரியா என்றுதான் அவை சொல்லும். உங்கள் கடைக்காலுக்குச் சாக்கு நனைத்தார்களா என்பதை நீங்கள்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.