முள் சொல்லும் நேரம்



நம்ம ஓசூர் சிப்காட்டில்தான் டைட்டன் கைக்கடிகாரம் செய்கிறார்கள். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் செல்போனில் மணி பார்த்தே பழகியதால், நம்மில் பலருக்கு முள்ளைப் பார்த்து மணி சொல்லத் தெரியவில்லை.

ரொம்ப சுலபம்! சின்ன முள் கடைசியாகத் தாண்டிய எண்தான் மணி. பெரிய முள் நிற்கும் எண்ணை 5-ஆல் பெருக்கினால் நிமிடம்.

உதாரணம்: பெரிய முள் 9-இல் இருக்கு. சின்ன முள் 11-க்குப் பக்கத்தில், ஆனா இன்னும் தொடலை. அப்போ மணி 10.45. அவசரப்பட்டு 11.45 என்று சொல்லக் கூடாது!

அடுத்த வருஷம் நமக்குப் பொதுத்தேர்வு. தேர்வு அறைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. மணியைத் தப்பாகப் படித்தால், தெரிந்த விடையும் எழுதாமல் போய்விடும். இன்றே பழகுவோம்!